பகைக்குப் பகை: ஒரு பொறிவண்டின் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே மாணவர்களுடைய நினைவில் எழுகின்றன. பாடநூல்கள் அவ்வாறு பழக்கிவிட்டன. இன்று நான் கூறவிருக்கும் வரலாற்றிலும் படையெடுப்பு உண்டு, முற்றுகை உண்டு, கடல் கடந்து வந்த துணைப் படையும் உண்டு. ஆனால் அத்துணைப் படையின் வீரர்கள் மிளகினும் சிறிய வண்டுகள். அவை போர் புரிந்த களம், வீட்டுத் தோட்டங்களிலும் தோப்புகளிலும் நின்ற ஆரஞ்சு மரங்கள்.

வீட்டின் பின்புறத்தில் ஓர் எலுமிச்சையோ கொய்யாவோ, நான்கு கத்தரிச் செடிகளோ வைத்திருப்போர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். இலைக்கு அடியில் வெண்மாவு தூவினாற்போல் ஏதோ ஒட்டியிருக்கும். இலைகள் பிசுபிசுக்கும், சில நாள்களில் கரி பூசினாற்போல் அவற்றின்மேல் கறுப்புப் படியும். எறும்புகள் வரிசை வரிசையாக ஏறி இறங்கும். ‘இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?’ என்பதே அடுத்து எழும் வினா. அதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய வினா வேறொன்று உண்டு. ‘இப்பூச்சி தன் சொந்த நாட்டில் இவ்வளவு பெருகாமல் இருப்பது எதனால்?’ என்பதே அது. அவ்வினாவைக் கேட்டு, விடை தேடிக் கப்பலேறிய ஒருவரின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பூச்சியைக்கொண்டு பூச்சியை அடக்கும் எண்ணம் மிகப் பழையது. கி.பி. 304ஆம் ஆண்டில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் சீன நூலொன்று, தென்திசைத் தாவரங்களைப் பற்றிக் கூறுமிடத்தில், அங்காடியில் எறும்புக் கூடுகள் விற்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. இலையும் சிறு கிளையும் ஒட்டியபடியே கூட்டை வெட்டிப் பையிலிட்டு விற்பார்களாம். ஆரஞ்சு வளர்ப்போர் அதனை வாங்கிச் சென்று மரத்தில் கட்டுவார்களாம். அவ்வெறும்பு இல்லாத மரத்தில் பூச்சி அரிக்காத பழம் ஒன்றும் மிஞ்சாது என்பது அந்நூலாசிரியர் கருத்து. பிற்காலத்தில், மரத்துக்கு மரம் மூங்கிற் கழிகளைப் பாலமாகக் கட்டி, எறும்புகள் தரையில் இறங்காமலே தோப்பு முழுதும் உலவ வழி செய்தனர். அந்த எறும்பு நமக்கு அயலானதன்று. மாமரத்து இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டி, காய் பறிக்க ஏறுபவனைக் கடித்துத் துள்ள வைக்கும் முசுறுதான் அது. நாம் அதனைக் கண்டு ஓடுகிறோம். சீனர் அதனை விலை கொடுத்து வாங்கினர். ஆயினும் முசுற்றை முழு நண்பனென்று கொள்ளலாகாது. இலை தின்னும் புழுவையும் வண்டையும் அது விரட்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் ஆசை வைத்து, அதனைக் காவல் காப்பதும் உண்டு. எவனுக்கும் பகைவனாக இருக்கக்கூடியவன் எவனுக்கும் நண்பனாகவும் இருப்பான். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இனிக் கலிபோர்னியாவுக்குச் செல்வோம். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அம்மாநிலத்தின் தென்பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆரஞ்சு வளர்ப்பு விரைந்து பெருகியது. 1876இல் இருப்புப்பாதை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை எட்டியது. மறு ஆண்டே அந்நகரிலிருந்த உல்ஃப்ஸ்கில் குடும்பத்துத் தோப்பிலிருந்து ஒரு சரக்குப் பெட்டி நிறைய ஆரஞ்சு, தொலைவிலுள்ள செயின்ட் லூயிஸ் நகருக்குப் புறப்பட்டது. அன்று முதல் ஆரஞ்சு மரம் அங்குப் பொன் காய்க்கும் மரமாயிற்று.

ஆனால் பகைவன் அதற்கு முன்பே வந்து இறங்கிவிட்டான். 1868ஐ ஒட்டி, வட கலிபோர்னியாவிலுள்ள மென்லோ பார்க் என்னுமிடத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா மரங்களில் ஒரு புதுச் செதில் பூச்சி காணப்பட்டது. அழகுக்காகத் தருவித்த மரத்தோடு அழையா விருந்தாக வந்தது அது. முதிர்ந்த பூச்சி கிளையை விட்டு நகர்வது அரிது. அதன் உடலின் பின்னால் பஞ்சு மெத்தை போன்ற வெண்ணிறப் பை ஒன்று வளரும். அதில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். இதனைப் பஞ்சுச் செதில் பூச்சி என்று அழைப்போம். நியூசிலாந்து அறிஞர் மாஸ்கெல் இதற்கு ‘ஐசீரியா பர்ச்சேசி’ என்று அறிவியற்பெயர் இட்டார். சாற்றை உறிஞ்சி உறிஞ்சி மரத்தை வற்ற வைக்கும் இப்பூச்சி, தெற்கே பரவி ஆரஞ்சுத் தோப்புகளைச் சூழ்ந்தது. 1880களின் நடுவில், பச்சை மரங்கள் பனி பெய்தாற்போல் வெளுத்து நின்றன, பழம் உதிர்ந்தது, கிளை காய்ந்தது. நிலத்தின் விலை சரிந்தது. மனம் வெறுத்துத் தம் மரங்களைத் தாமே வெட்டி எரித்தவர்களும் உண்டு.

அவர்கள் வாளாவிருக்கவில்லை. மண்ணெண்ணெய்க் கரைசல், சோப்புக் கரைசல் என்று எல்லாம் தெளித்துப் பார்த்தனர். 1886இல் காக்கிலெட் என்னும் பூச்சியியலறிஞர், மரத்தைக் கூடாரத்தால் மூடி உள்ளே ஹைட்ரோசயனிக் அமில வாயுவைச் செலுத்தும் முறையை அதே உல்ஃப்ஸ்கில் தோப்பில் வகுத்தார். மனிதனையும் நொடியில் கொல்லும் நஞ்சு அது. செலவும் மிகுதி. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மரம் விடுபட்டால் அடுத்த பருவத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வீட்டு வாயிலில் இரண்டு மரம் வைத்திருந்த எளியவனுக்குக் கூடாரமேது, வாயுவேது?

அப்போது அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் சார்ல்ஸ் வாலன்டைன் ரைலி. இங்கிலாந்தில் பிறந்தவர். இப்பூச்சியின் தாயகம் ஆஸ்திரேலியா என்பதும், அங்கே அது பெருங்கேடு செய்வதில்லை என்பதும் அவருக்குத் தெளிவாயின. அப்படியானால் அங்கே அதனை அடக்கி வைத்திருப்பது எது? தென் ஆஸ்திரேலியாவின் அடிலேயிட் நகரிலிருந்து ஃபிரேசர் கிராஃபோர்டு என்பவர், செதில் பூச்சியின் உடலுக்குள் வளரும் சிறு ஈ ஒன்றைப் பற்றி அவருக்கு எழுதியிருந்தார். ஆளனுப்பித் தேடினால் விடை கிடைக்கும். ஆனால் ஆளனுப்ப வழியில்லை. அத்துறையினர் வெளிநாடு செல்லப் பணம் செலவிடலாகாது என்று அமெரிக்கக் காங்கிரசு தடை விதித்திருந்தது. ரைலி அடிக்கடி ஐரோப்பா சென்று வந்ததே அத்தடைக்குக் காரணம் என்பர். சட்டமியற்றுவோரின் சிக்கனம் சில வேளைகளில் இப்படித்தான், தம் நாட்டுத் தோட்டங்கள் அழியும்போதும் கைகட்டி நிற்கும்.

நல்வாய்ப்பாக 1888இல் மெல்போர்ன் நகரில் பன்னாட்டுப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொள்ள அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து 2,000 டாலரை இப்பணிக்குத் தர இசைந்தனர். ஆக, பொருட்காட்சித் தூதுக்குழுவில் ஒருவர் என்ற பெயரில், பூச்சி தேடும் பணியோடு, ஆல்பர்ட் கோபெலி 1888 ஆகஸ்டு 25ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறினார். அவர் ஜெர்மனியில் பிறந்தவர், ரைலியின் உதவியாளர்.

அவர் தேடிச் சென்றது கிராஃபோர்டு சொன்ன ஈயைத்தான். அதனைக் கண்டெடுத்து ஆயிரக்கணக்கில் அனுப்பவும் செய்தார். ரைலியின் நம்பிக்கையும் பெரிதும் அந்த ஈயின்மீதே இருந்தது. ஆனால் அக்டோபர் 15ஆம் நாள், வட அடிலேயிட் பகுதியில் ஒரு தோட்டத்தில், பெரிய செதில் பூச்சியொன்றைத் தின்றுகொண்டிருந்த ஒரு சிறு பொறிவண்டு அவர் கண்ணில் பட்டது. சிவப்பும் கறுப்பும் கலந்த நிறம். நீளம் 4 மில்லிமீட்டருக்கு மேலில்லை. அறிவியல் இன்று அதனை ‘ரொடோலியா கார்டினாலிஸ்’ என்கிறது. தோட்டக்காரர்கள் வழக்கில் அன்றும் இன்றும் அது ‘வெடாலியா’. வேறொருவராயின் ஈயைத் தேடி வந்தவனுக்கு வண்டு எதற்கு என்று கடந்துபோயிருப்பர். கோபெலி அதனையும் பிடித்துப் பெட்டியிலிட்டார்.

கணக்கைக் கேளுங்கள். முதற்கப்பலில் லாஸ் ஏஞ்சல்சுக்கு உயிரோடு வந்து சேர்ந்தவை 28 வண்டுகள். இரண்டாம் முறை 44. மூன்றாம் முறை, 1889 ஜனவரியில், 57. ஆக மொத்தம் 129. காக்கிலெட் அவற்றைப் பெற்று, உல்ஃப்ஸ்கில் தோப்பில் பூச்சி மொய்த்திருந்த ஓர் ஆரஞ்சு மரத்தில் விட்டு, மரத்தைத் துணிக் கூடாரத்தால் மூடினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நச்சு வாயுவைத் தேக்கி வைப்பதற்குக் கூடாரம் அமைத்த அதே மனிதர், அதே தோப்பில், இம்முறை உயிரைத் தேக்கி வைக்க அமைத்தார்! ஏப்ரல் திங்களில் அம்மரத்தில் செதில் பூச்சி ஏறத்தாழ ஒழிந்திருந்தது. கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டனர். வண்டுகள் பக்கத்து மரங்களுக்குப் பறந்தன.

பின்னர் வந்தவற்றையும் சேர்த்து, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வண்டுகள் 514. 1889 ஜூன் திங்களுக்குள், அவற்றின் வழித்தோன்றல்களாக 10,555 வண்டுகள் 208 தோட்டக்காரர்களுக்கு வழங்கப்பட்டிருந்தன. பெட்டியும் குப்பியும் ஏந்தி வண்டு வாங்க மக்கள் வந்தனர். பெரிய தோப்புக்காரருக்குக் கிடைத்த அதே வண்டு, வீட்டு வாயிலில் ஒரு மரம் வைத்திருந்தவருக்கும் விலையின்றிக் கிடைத்தது. கிடைக்காதவர் மரத்துக்கும் தானே பறந்து சென்றது. அவ்வாண்டு முடிவதற்குள் தென் கலிபோர்னியாவின் வெண்பனி கரைந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்திலிருந்து ஓராண்டில் 700 சரக்குப் பெட்டிகளாகச் சென்ற ஆரஞ்சு, அடுத்த ஆண்டில் 2,000 பெட்டிகளாக உயர்ந்தது என்று தோட்டக்காரர் ஒருவர் எழுதி வைத்தார். இத்தனைக்கும் செலவு 2,000 டாலருக்கும் குறைவு. நன்றியறிதலாகத் தோட்டக்காரர்கள் கோபெலிக்குப் பொற்கடிகாரம் ஒன்றும், அவர் மனைவியாருக்கு வைரத் தோடும் அளித்தனர். வெற்றி யாருடையது என்று பின்னர்ப் பூசல் எழுந்தது. அதனைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டுவதில்லை.

இவ்வெற்றியின் உட்பொருளைச் சற்று ஆராய வேண்டும். வெடாலியா வண்டு பெருந்தீனிக்காரன்தான். ஆனால் அதன் உணவு ஏறக்குறைய இந்தச் செதில் பூச்சியும் அதன் நெருங்கிய உறவினங்களுமே. பெண்வண்டு தன் முட்டைகளைச் செதில் பூச்சியின் பஞ்சுப் பையின்மீதே இடும். பொரித்து வரும் புழு, பைக்குள் துளைத்துச் சென்று முட்டைகளைத் தின்னும். வெம்மையான பருவத்தில் ஒரு திங்களுக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். செதில் பூச்சிக்கோ ஆண்டில் இரண்டு மூன்று தலைமுறைகளே. இரை குறைந்தால் வண்டும் குறையும். இரை தலை தூக்கினால் வண்டும் தலை தூக்கும். இன்றுவரை கலிபோர்னியாவில் இரண்டும் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை வேரறுக்கவில்லை; அளவில் நிறுத்தி வைத்திருக்கிறது.

இந்த ஒற்றை உணவுப் பழக்கம் இல்லாத உயிரைக் கொண்டுபோய் விட்டால் என்னவாகும் என்பதற்கும் வரலாற்றில் சான்றுண்டு. 1872இல் ஜமெய்க்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில் எலியை ஒழிக்க, கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிப்பிள்ளைகள் தருவிக்கப்பட்டன. முதலில் எலி குறைந்தது. தோட்டக்காரர்கள் மகிழ்ந்தனர். 1883இல் அங்கிருந்து ஹவாய்த் தீவுகளுக்கும் கீரி சென்றது. கீரியோ பறவையின் முட்டையையும் ஓணானையும் கோழிக்குஞ்சையும் எலியைப் போலவே விரும்பி உண்பது. நம் நாட்டில் பாம்புக்கு அஞ்சாத வீரன் என்று போற்றப்படும் அவ்வுயிர், அத்தீவுகளில் இன்றுவரை பெருந்தொல்லை. 1935இல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற பெருந்தேரையின் கதையும் அதுவே. கரும்பின் உச்சியில் அமர்ந்திருந்த வண்டைத் தேரையால் எட்ட முடியவில்லை. எட்டியதையெல்லாம் அது தின்றது. வெடாலியாவைத் தந்த நாடே தேரையை வாங்கிக்கொண்டு தவிப்பது வரலாற்றின் விளையாட்டு.

பஞ்சுச் செதில் பூச்சி நம் நாட்டுக்கும் வந்தது. 1920களில் நீலகிரியில், தோல் பதனிடும் பட்டைக்காக வளர்க்கப்பட்ட வாட்டில் என்னும் சீகை மரங்களில் அது பரவியது. அம்மரமும் ஆஸ்திரேலிய அகேசியா இனமே என்பதைக் கருதுங்கள், பழைய நட்பு! கலிபோர்னியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் வெடாலியா தருவிக்கப்பட்டு அங்கு விடப்பட்டது, பூச்சி அடங்கியது. இதற்கும் முன்பே, 1898இல், வெண்மெழுகு போர்த்த புழுக்களையுடைய வேறொரு ஆஸ்திரேலியப் பொறிவண்டு தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க வந்த அது, அவ்வேலையில் தோற்று, மாவுப்பூச்சியைத் தின்று இங்கேயே குடியேறிவிட்டது. அதன் புழு பார்ப்பதற்கு மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். மாவுப்பூச்சி என்றெண்ணித் தம் நண்பனையே நசுக்கும் தோட்டக்காரர் இன்றும் பலர். உற்று நோக்கினால் வேறுபாடு விளங்கும்: மாவுப்பூச்சி மெல்ல ஊரும் அல்லது அசையாதிருக்கும், புழுவோ பரபரவென்று அலையும்.

இனி, நண்பனை இழந்த கதை. சுவிட்சர்லாந்து அறிஞர் பால் முல்லர் 1939இல் டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். மலேரியாவையும் டைஃபஸ் காய்ச்சலையும் தடுப்பதில் அம்மருந்து செய்த பணி பெரிது. அதனை மறுப்பது நன்றியன்று. ஆனால் 1940களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கில், ஆரஞ்சு மரங்களின் வேறொரு பூச்சிக்காக அதனைத் தெளித்தபோது எதிர்பாராதது நிகழ்ந்தது. அறுபது ஆண்டுகளாக மக்கள் மறந்தே போயிருந்த பஞ்சுச் செதில் பூச்சி, மறுபடியும் மரங்களை வெளுக்க அடித்தது! மருந்து செதில் பூச்சியைக் கொல்லவில்லை, வண்டைக் கொன்றது. தெளிப்பதை மாற்றி, வண்டை மறுபடியும் கொண்டுவந்து விட்டபின்தான் நிலைமை சீரானது. இந்தியாவில் 1989இல் வேளாண்மைக்கு டி.டி.டி. பயன்படுத்துவது விலக்கப்பட்டது.

வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டைக் கரைசல் முதலியவற்றைப் பற்றிச் சிலர் கேட்கக்கூடும். அது தனிப் பேச்சுக்குரிய பெரும்பொருள். இங்கு விரிக்க இடமில்லை.

நம் காலத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களில் ஒரு புது மாவுப்பூச்சி தோன்றியது. அதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 1992இல்தான் அறிவியல் அதற்குப் பெயரே இட்டது. 2008இலேயே அது இலங்கையிலும் காணப்பட்டது. பப்பாளி என்பது நம் ஊர்களில் தோப்புப் பயிர் மட்டுமன்று. கிணற்றடியில், குளியலறை நீர் பாயுமிடத்தில், தானே முளைத்து வளர்வது. இரண்டு மரமிருந்தால் வீட்டுக்கு வேண்டிய பழம் கிடைக்கும். அம்மரங்கள் தலை முதல் அடி வரை வெளுத்துக் கருகின. மல்பெரி இலை கெட்டதால் பட்டுப்புழு வளர்ப்போர் நலிந்தனர். மரவள்ளியும் கொய்யாவும் செம்பருத்தியும் கத்தரியும் தப்பவில்லை. மருந்து தெளித்தவர்கள் தெளித்துக்கொண்டே இருந்தனர். மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சியை மருந்து எட்டுவதில்லை. எட்டிய மருந்தும் பொறிவண்டைக் கொன்றது.

கேட்கப்பட்டது கோபெலியின் காலத்து வினாவே: தாயகத்தில் இதனை அடக்குவது எது? விடை, ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத ஒரு குளவி. ‘அசெரோஃபாகஸ் பப்பாயே’ என்பது அதன் பெயர். அமெரிக்க வேளாண் துறை அதனை மெக்சிகோவில் கண்டெடுத்துப் போர்ட்டோரீக்கோத் தீவில் வளர்த்து வந்தது. அங்கிருந்து 2010இல் இக்குளவியும் அதன் உறவினங்கள் இரண்டும் பெங்களூரிலுள்ள பூச்சிகளுக்கான தேசியப் பணியகத்துக்கு வந்தன. கீரியும் தேரையும் கற்பித்த பாடத்தால், இப்போதெல்லாம் எவ்வுயிரையும் தனியறையில் வைத்து, வேறெதையும் அது தாக்குவதில்லை என்று ஆராய்ந்தே வெளியில் விடுகின்றனர். அவ்வாறு ஆராய்ந்தபின், அவ்வாண்டு அக்டோபரில் கோயம்புத்தூரில் அவை விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அவற்றைப் பெருக்கி மாவட்டந்தோறும் வழங்கின. அடுத்த ஆண்டே பப்பாளி மறுபடியும் தழைத்தது.

கேட்கும் மாணவர்கள் இதனைத் தம் வீட்டிலேயே காணலாம். ஒரு கைக்கண்ணாடி போதும். பப்பாளி இலையின் அடிப்பக்கத்தில் மாவுப்பூச்சி இருந்தால், உடனே மருந்துக் கடைக்கு ஓடாமல், முதலில் எறும்பைப் பாருங்கள். இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சியைக் காக்கும் எறும்பு, குளவியை அண்டவிடாது. மரத்தின் அடியில் பிசின் தடவிய துணியைச் சுற்றி எறும்பேறுவதைத் தடுத்துவிடலாம். மிகுதியாகப் பூச்சி பற்றிய இலையை நீக்கும்போதும் சிலவற்றை விட்டுவையுங்கள். குளவிக்கு இரை வேண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடியும் பாருங்கள். மாவுப்பூச்சிகளில் சில, வெண்மாவு உதிர்ந்து, பழுப்பு நிறத்தில் சிறு பீப்பாய் போல் உப்பி, உலர்ந்து இறுகிக் கிடக்கும். அவை பூச்சிகளல்ல, கூடுகள். ஊசி முனையளவு வட்டத் துளையொன்று அவற்றில் இருந்தால், உள்ளே வளர்ந்த குளவி வெளியேறி அடுத்த மரத்துக்குப் போய்விட்டது. துளையில்லையென்றால், குளவி இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த இலையைப் பறிக்காதீர்கள்.